கட்டிலுக்கடியில் ஒரு நாய்: பல நாய்கள் வளரும் வீட்டில் சிறு நாயின் அச்சம்

பல நாய்கள் வளரும் வீட்டில் பயந்த சிறு நாயைக் கண்டுகொள்ள அதன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டின் எந்தெந்த இடங்களுக்கு அது போவதில்லை என்று கவனித்தால் போதும். லேப்ரடாரும் நாட்டு நாயும் கூடத்தின் நடுவே மின்விசிறிக்குக் கீழே நீட்டிப் படுத்திருக்கும். பொமரேனியன் சோபாவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்திலோ கட்டிலுக்கடியிலோ கிடக்கும். சமையலறை வாசலில் பெரிய நாய் படுத்திருந்தால் அதைத் தாண்டித் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகாது. அது எழுந்து நகரும்வரை தாகத்தோடு காத்திருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் வால் ஆடும், கால் நகராது. சண்டை என்று எதுவும் நடப்பதில்லை. அதனாலேயே வீட்டார் பலர் தங்கள் நாய்கள் ஒற்றுமையாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அச்சமும் பதற்றமும் ஒன்றல்ல. எதிரே இருக்கும் ஒன்றைக் கண்டு உடல் காட்டும் பதில் அச்சம். இன்னும் வராத ஒன்றை எதிர்பார்த்து உடல் விறைத்திருப்பது பதற்றம். கூச்ச சுபாவம் இரண்டிலிருந்தும் வேறு. புதியவரைக் கண்டதும் சற்று ஒதுங்கி நின்று, ஐந்து நிமிடத்தில் தானாக வந்து முகர்ந்து பார்க்கும் நாய்க்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. அதன் ஐந்து நிமிடத்தை அதற்கு விட்டுக்கொடுத்தால் போதும். வால் காலிடுக்கில் ஒடுங்குவதும் உடல் பம்முவதும் எல்லோர் கண்ணுக்கும் படும். அதற்கு முன்பே வரும் சிறு குறிகள்தான் தவறிப்போகும்: தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவி, உணவு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்வது, தலையைத் திருப்பிக்கொள்வது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பது, கண்ணோரத்தில் வெள்ளை விழி தெரிவது. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இவற்றில் பலவற்றை 'அமைதிக் குறிகள்' என்று பெயரிட்டுப் பரப்பினார். ஒவ்வொரு கொட்டாவியும் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே, யார் அருகில் இருக்கும்போது வருகிறது என்பதுதான் பொருள் தரும்.

பயந்த நாய் எப்போதும் மௌனமாக இருக்கும் என்பதும் தவறு. அழைப்பு மணி அடித்ததும் முதலில் பாய்ந்து, கடைசிவரை குரைத்து, வந்தவர் குனிந்தால் பின்வாங்கும் சிறு நாயை 'வாயாடி' என்று சிரித்துவிட்டுப் போவது வழக்கம். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழி இங்கே பொய்த்துப்போகும். பின்வாங்க இடமில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்ட அதே வாயாடிதான் கடிக்கும்.

இந்தப் பயந்த சுபாவம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நாய் ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சேர்த்து வந்திருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஆஸ்கர் மர்ஃப்ரீயும் அவரது குழுவினரும் பாயிண்டர் இன நாய்களை இரண்டு வம்சங்களாக வளர்த்தார்கள். ஒன்று இயல்பானது, மற்றதில் மனிதர் நெருங்கினாலே கல்லாய் உறைந்து நிற்கும் நாய்களை மட்டும் இணைசேர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த உறைவு தொடர்ந்தது. பிறவிக்கூறு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. தாய் பயந்தவளாக இருந்தால் குட்டியிடமும் அதை எதிர்பார்க்கலாம். குட்டி வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் மூக்கையும் பார்க்கிறார்கள். தாயைக் காட்டச் சொல்பவர்கள் குறைவு.

அடுத்தது குட்டிப்பருவம். மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஆராய்ந்து 1965-ல் முடிவுகளை நூலாக்கினார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் புதியதைப் பயமின்றி ஏற்றுக்கொள்ளும் காலம் என்பது அவர்கள் நிலைநிறுத்திய கருத்து. அதே இடத்தில் டேனியல் ஃப்ரீட்மனும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை 1961-ல் வெளியானது. உயரமான வேலிக்குள் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகளில், ஏழாவது வாரத்தையொட்டி வெளியே எடுத்துப் பழக்கப்பட்டவை எளிதில் மனிதரோடு ஒட்டின. பதினான்கு வாரம்வரை அப்படியே விடப்பட்டவை காட்டு விலங்குபோல் மிரண்டு ஓடின. பிறகு எவ்வளவு பழக்கியும் முழுமையாகத் தேறவில்லை.

தமிழ்நாட்டில் முப்பது, நாற்பது நாள் குட்டிகள் கைமாறுவது சாதாரணம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. தாயையும் உடன்பிறப்புகளையும் சீக்கிரம் பிரியும் குட்டி, நாய்களிடையே பேசும் மொழியை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வருகிறது: எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளி விளையாட்டை நிறுத்துவான், எந்தப் பார்வைக்கு விலகிப்போக வேண்டும் என்பதெல்லாம் அந்த வாரங்களில்தான் படியும். வந்த வீட்டிலோ பார்வோ பயத்தால் தடுப்பூசிகள் முடியும்வரை குட்டி வெளியே போவதில்லை. பார்வோ பயம் நியாயமானது. அந்த நோயில் குட்டிகள் சாகின்றன. ஆனால் ஊசி முடியும்போது மனத்தின் வாசலும் பெரும்பாலும் மூடிவிடுகிறது. தரையில் விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை, பேருந்துச் சத்தம், பள்ளிப் பிள்ளைகள், குடை, தலைக்கவசம் எல்லாவற்றையும் காட்டுவது இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவில் உள்ள வழி.

உருவம் சிறிதாக இருப்பதற்கே அச்சத்தோடு தொடர்பு உண்டு. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஹன்னெஸ் லோஹியின் குழு ஏறத்தாழ 6,000 வளர்ப்பு நாய்களை வைத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அந்நியரிடமும் பிற நாய்களிடமும் அஞ்சும் குணம் சிறிய நாய்களிடம் கூடுதலாக இருந்தது. குட்டியில் போதிய பழக்கம் பெறாதவை, உடற்பயிற்சி குறைந்தவை, நகரத்தில் வாழ்பவை ஆகியவற்றிலும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் பால் மெக்ரீவி குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வும் உயரம் குறையக் குறையத் தொல்லை தரும் நடத்தைகள் கூடுவதைக் காட்டியது. பிறவியே காரணம் என்று இதை முடித்துவிட முடியாது. வியன்னாவில் கிறிஸ்டின் அர்ஹான்ட் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு பக்கம் தெரிந்தது: சிறு நாய் வளர்ப்பவர்கள் பயிற்சியில் குறைவாக ஈடுபடுகிறார்கள், ஒருநாள் ஒன்று மறுநாள் மற்றொன்று என்று நடந்துகொள்கிறார்கள். முப்பது கிலோ நாய் இழுத்தால் கை வலிக்கும், அதனால் பயிற்சி கொடுக்கிறார்கள். மூன்று கிலோ நாய் இழுத்தால் தூக்கிக்கொள்கிறார்கள். நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது விசித்திரமான வாழ்க்கை: கேட்காமலே வானத்தில் உயர்த்தப்படுவதும், வருகிறவர்களின் மடிக்கு மாற்றப்படுவதும், ஒதுங்க முயன்றால் மீண்டும் இழுக்கப்படுவதும்.

பயிற்சியைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது சம்பிரதாயம் அல்ல. சிறு இனங்களில் முழங்கால் சில்லு விலகுவது, பல் ஈறு நோய், மூச்சுக்குழல் தளர்வு ஆகியவை அதிகம். கால் வலிக்கும் நாய் பெரிய நாயின் விளையாட்டை உதைபோல உணரும். பல் வலிக்கும் நாய் கிண்ணத்தருகே யாரையும் விடாது. நன்றாக இருந்த நாய் நடுவயதில் திடீரென ஒதுங்கத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலியைத்தான். மூச்சுக்குழல் காரணத்தால் கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிவரும் ஹார்னஸ் போடுவது சிறு நாய்க்கு எப்போதும் நல்லது. கழுத்தில் இழுபடும் ஒவ்வொரு முறையும் எதிரில் இருக்கும் நாயோடு அந்த வலி சேர்ந்து பதிகிறது.

இனி வீட்டுக்குள் நாய்களிடையே நடப்பது. 'எது தலைவன் என்று அவையே தீர்த்துக்கொள்ளும்', 'மூத்ததுக்கு முதல் மரியாதை கொடுத்து வரிசையைக் காப்பாற்ற வேண்டும்' என்ற ஆலோசனைகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றின் வேர் ருடால்ஃப் ஷெங்கெல் 1947-ல் எழுதிய ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தது அடைக்கப்பட்ட ஓநாய்களை. கூட்டத்துக்குள் தலைமைக்குப் போட்டி நடக்கிறது என்ற அந்தக் கருத்தை டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய் நூல் உலகமெங்கும் கொண்டுசென்றது. அதே மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு, காட்டில் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999-ல் எழுதித் தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார். அப்படித் திருத்திக்கொள்ளும் அறிஞர்கள் அரிது. திருத்தம் பழைய கருத்தளவு பரவாததில் வியப்பில்லை. அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-ல் ஆதிக்கக் கோட்பாட்டைப் பயிற்சிக்கு அடிப்படையாகக் கொள்வதற்கு எதிராக அறிக்கை வெளியிட்டது.

நாய்களிடையே ஏற்றத்தாழ்வே இல்லை என்பது இதன் பொருள் அன்று. ஒரு நாய் எலும்புக்கு விட்டுக்கொடுக்காது, ஆனால் சோபாவை விட்டுக்கொடுக்கும். இன்னொன்றுக்கு வீட்டுக்காரரின் மடிதான் எல்லாம். போட்டி பொருளுக்குப் பொருள் மாறுகிறது. பயந்த நாயின் துயரம் அது எல்லாப் பொருளிலும் விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. அதிலும் கவனிக்க வேண்டியது, பெரிய நாய் பெரும்பாலும் எதுவுமே செய்வதில்லை. வாசற்படியில் குறுக்கே படுப்பதும், ஒரு கணம் உற்றுப் பார்ப்பதும் போதும். மனிதக் கண்ணுக்குத் தூங்கும் நாய். சிறு நாயின் கண்ணுக்கு அது பூட்டிய கதவு. வீட்டின் குறுகிய இடங்கள், அதாவது நிலைவாசல், மாடிப்படி, நடைகூடம், கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடைப்பட்ட வழி ஆகியவற்றை ஒருநாள் முழுக்கக் கவனித்தால் வீட்டின் உண்மையான அரசியல் விளங்கும்.

விளையாட்டு வேறு கேள்வி. நல்ல விளையாட்டில் துரத்துபவனும் துரத்தப்படுபவனும் மாறி மாறி வருவார்கள் என்பது பொதுக்கருத்து. பார்பரா ஸ்மட்ஸும் எரிக்கா பாவரும் செய்த ஆய்வு, சமபங்கு இல்லாமலே விளையாட்டு நன்றாக நடப்பதுண்டு என்று காட்டியது. ஆகவே எண்ணிப் பார்ப்பதைவிட எளிய சோதனை நல்லது: பெரிய நாயை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறு நாய் திரும்பி வந்து குனிந்து அழைத்தால் அது விளையாட்டு. கட்டிலுக்கடியில் போய்விட்டால், இவ்வளவு நேரம் நடந்தது துரத்தல். எடை வித்தியாசத்தை எந்த நட்பும் அழிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முப்பது கிலோ நாயின் முன்னங்கால் அன்போடு விழுந்தாலும் மூன்று கிலோ நாயின் எலும்பு முறியும். கீச்சென்று கத்தி ஓடும் சிறு உருவம் பெரிய நாயின் வேட்டை உணர்வைத் தட்டி எழுப்புவதும் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற, முயல் விரட்டப் பழக்கப்பட்ட வேட்டை இனங்கள் உள்ள வீட்டில் கண்காணிப்பில்லாமல் சிறு நாயை அவற்றோடு சேர்த்து விட்டுவிட்டு வெளியே போவது கூடாது.

அச்சம் தீருவது எப்படி என்ற கேள்விக்கு மிகப் பயனுள்ள விடை ஒரு கொடுமையான சோதனைத் தொடரிலிருந்து வந்தது. 1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றது. இன்னொரு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி. ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு இரு குழுவையும் தாண்டக்கூடிய தாழ்ந்த தடுப்புள்ள பெட்டியில் விட்டபோது, முதல் குழு தாண்டித் தப்பியது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை அப்படியே படுத்து வாங்கிக்கொண்டன. இதற்குக் 'கற்ற கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து 2016-ல், மூளை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்குவது இயல்பாகவே வரும் பதில், கற்கப்படுவது எதிர்ப்பக்கம், அதாவது 'என் செயலால் ஏதோ ஆகிறது' என்ற அறிவு. முதலில் அந்த அறிவைப் பெற்ற நாய்கள் பிறகு தப்ப முடியாத அதிர்ச்சியைச் சந்தித்தும் முடங்கவில்லை என்பதையும் ஆரம்ப ஆய்வே காட்டியிருந்தது.

தன்னம்பிக்கை என்ற சொல்லுக்கு நாயின் வாழ்க்கையில் உள்ள பொருள் இதுதான். தலையைத் திருப்பினால் எதிரே வந்த கை நிற்கிறது. விலகினால் யாரும் பின்தொடர்வதில்லை. ஓரடி முன்வைத்தால் நல்லது ஒன்று கிடைக்கிறது. இவை நூறு முறை நடந்தால் நாய் மாறும். துணிச்சலை வெளியிலிருந்து ஊட்ட முடியாது. முடங்கிய நாய்களை மீட்க 1968-ல் அந்த ஆய்வாளர்கள் அவற்றைக் கயிற்றில் கட்டித் தடுப்புக்கு அப்பால் திரும்பத் திரும்ப இழுத்துப்போனார்கள், அது பலித்தது என்பதைக் காட்டி, பயந்த நாயை வலிந்து இழுப்பதற்கு நியாயம் சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே இழுத்தது வலியிலிருந்து வெளியே. மற்ற நாய்களின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி 'பழகிவிடும்' என்று காத்திருப்பவர்கள் இழுப்பது பயத்துக்குள்ளே.

நடைமுறை இடத்திலிருந்து தொடங்குகிறது. சிறு நாய் மட்டும் நுழையக்கூடிய, பெரிய நாய்களால் நுழைய முடியாத ஓரிடம் வேண்டும். குழந்தைகளுக்காகப் போடும் தடுப்புக் கதவின் அடியில் சிறு இடைவெளி விட்டாலே அது அமைந்துவிடும். அங்கே பழைய பெட்ஷீட், தண்ணீர், வெளியே வர ஒன்றுக்கு இரண்டு வழி. இரண்டு வழி என்பது முக்கியம். ஒரே வாய் உள்ள குகையை வாசலில் படுத்தே மூடிவிடலாம். அந்த இடத்திலிருந்து எவரும் அதை வெளியே எடுக்கக் கூடாது. குளிப்பாட்டுவதற்காகவும் கூடாது, விருந்தினருக்குக் காட்டுவதற்காகவும் கூடாது. வீட்டில் எந்த வளத்துக்கும் ஒற்றை வழி இருக்கக் கூடாது: தண்ணீர் இரண்டு மூன்று இடங்களில், படுக்கை நாய்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. சாப்பாடு தனித்தனி அறையில் அல்லது தடுப்புக்கு இருபுறமும். பெரியது தன் கிண்ணத்தை முடித்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு வரும் அந்த அரை நிமிடம் சிறு நாயின் நாளையே கெடுத்துவிடும்.

தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் சிறு நாய்க்குத் தனியாக வேண்டும். மற்றவை மாடியிலோ கொல்லையிலோ இருக்க, அது கற்றுக்கொள்வது ஏதாவது சிறியதாக இருக்கலாம்: நீட்டிய உள்ளங்கையை மூக்கால் தொடுவது, தாழ்ந்த மணைமேல் ஏறுவது, அட்டைப்பெட்டிக்குள் தலைவிட்டு ஈரல் துண்டை எடுப்பது. உள்ளங்கையை மூக்கால் தொடும் வித்தை அற்பமாகத் தோன்றும். உண்மையில் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. நெருங்குவதும் விலகுவதும் நாயின் விருப்பத்தில் இருக்கிறது, நெருங்கினால் பலன் கிடைக்கிறது, பின்னாளில் மருத்துவர் மேசைக்கும் நிலைவாசலுக்கும் அதே வித்தையால் அதை நடத்திச் செல்லலாம். தின்பண்டம் சுண்டல் கடலையில் பாதியளவு போதும். மூன்று கிலோ நாய்க்குப் பத்துத் துண்டு என்பது சிறு உணவல்ல, அன்றைய சாப்பாட்டில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மோப்பம் தனிக் கவனம் பெற வேண்டியது. சார்லட் டியூரான்டனும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்சும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு நாய்கள் இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு ஆடின. மற்றொன்று கூடவே ஒட்டி நடக்கும் பயிற்சி செய்தது. அதன்பின், உணவு இருக்குமா இருக்காதா என்று உறுதியில்லாத இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது மோப்பக் குழு முன்பைவிட விரைவாக அதை நோக்கிப் போனது. இருக்கும் என்று நம்பிப் போகும் மனநிலை கூடியிருந்தது என்பது இதன் பொருள். வீட்டில் இதற்குச் செலவே இல்லை. பழைய துண்டைச் சுருட்டி உள்ளே நாலு துணுக்குக் கருவாட்டை ஒளித்தால் ஆயிற்று. கருவாட்டை உப்பு போக ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

மற்ற நாய்களோடு சேர்ப்பது இதன் பிறகே. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்துக்கொண்டே முயலை நாளுக்கு நாள் சற்றே அருகில் கொண்டுவந்து பயத்தைக் கரைத்தார். 1958-ல் ஜோசப் வோல்ப் அதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். நாய்ப் பயிற்சியில் இன்றும் இதே வழிதான். இரண்டு விதிகள் தவறக் கூடாது. தூரம் நாய் தீர்மானிப்பது: உணவை வாங்கித் தின்ன முடிகிற தூரமே சரியான தூரம், பிடித்த ஈரலையும் மறுத்தால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அடுத்தது வரிசை: முதலில் பெரிய நாய் கண்ணில் பட வேண்டும், அப்புறம் உணவு வர வேண்டும். வரிசை மாறி, உணவைக் காட்டிப் பெரிய நாயருகே வரவழைத்தால், நாளடைவில் உணவைக் கண்டாலே சந்தேகம் வரும். பயிற்சியாளர் சூசன் குளோதியர் பிரபலமாக்கிய ஒரு வழி இங்கே பொருந்தும்: தின்பண்டத்தை நாய்க்குப் பின்புறமாக எறிவது. நாய் விலகிப்போய்த் தின்றுவிட்டு, அழுத்தம் குறைந்த நிலையில், தானாகத் திரும்பி வரும். திரும்பி வருகிற அந்த அடிதான் மதிப்புள்ளது. வெளியே நடத்திச் செல்லும்போது இரு நாய்களையும் இருவர் பிடித்துக்கொண்டு, தெருவின் இரு ஓரங்களில், ஒரே திசையில் நடப்பது எதிரெதிரே சந்திக்க வைப்பதைவிடப் பலமடங்கு நல்லது.

வேலையில் பாதிக்கு மேல் பெரிய நாய்களிடம் செய்ய வேண்டியது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பயந்த நாயைச் சரிசெய்ய வந்தவர்கள், துணிந்த நாய்க்குப் பாயில் போய்ப் படுக்கவும், பெயர் சொல்லும்வரை காத்திருக்கவும், வாசலிலிருந்து எழுந்து வழிவிடவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நாயின் பெயரையும் சொல்லி அந்தந்த நாய்க்கு மட்டும் தின்பண்டம் கொடுப்பது நல்ல தொடக்கம். சிறு நாய் தன் துண்டை வாங்கும்போது அமைதியாக இருந்த பெரிய நாய்க்கும் உடனே ஒன்று. அதன் கணக்கில் சிறு நாயின் வரவு இழப்பாக இல்லாமல் லாபமாகிறது. உடனிருக்கும் நாய் ஆசிரியராகவும் ஆகும். புடாபெஸ்டில் பீட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் ஆங்கில 'வி' வடிவ வேலியைச் சுற்றிப் போகத் தெரியாமல் தவித்த நாய்களுக்கு, சுற்றிப் போகும் வேறொரு நாயைக் காட்டியபோது அவை விரைவில் கற்றுக்கொண்டன. நிதானமான மூத்த நாய் ஒன்று வீட்டில் இருந்தால் அதோடு மட்டும் முதலில் சேர்ப்பது, எல்லாவற்றையும் ஒன்றாக விடுவதைவிட நல்லது.

உறுமலைத் திட்டி அடக்கக் கூடாது. உறுமல் என்பது 'போதும்' என்ற சொல். அதைப் பறித்தால் அடுத்து எச்சரிக்கையில்லாத கடிதான் மிஞ்சும். சிறு நாய் உறுமியதும் பெரிய நாயை அழைத்து விலக்கினால், அதன் சொல்லுக்குப் பலன் கிடைக்கிறது. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளர்ந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாத ஒன்று. பயம் உணர்ச்சி, பிஸ்கட்டுக்காகச் செய்யும் வித்தை அல்ல. ஒட்டி உட்கார வந்தால் இடம் கொடுக்கலாம். தேடிப்பிடித்துத் தூக்கி இறுக அணைப்பதுதான் வேறு விஷயம். அது ஆறுதல் அல்ல, பொறி.

தீபாவளியும் இடிமழையும் தனிக்கதை. ஃபின்லாந்தில் 13,715 நாய்களை ஆராய்ந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்ட பதற்ற வகை சத்தத்துக்கு அஞ்சுவதே. ஏறத்தாழ மூன்றில் ஒரு நாய்க்கு அது இருந்தது. பென்சில்வேனியாவில் நான்சி டிரெஷெல், டக்ளஸ் கிரேஞ்சர் இருவரும் இடிக்கு அஞ்சும் 19 நாய்களுக்கு அவற்றின் வீட்டிலேயே இடியோசைப் பதிவை ஒலிக்கவிட்டு உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். வேறு நாய்களும் உள்ள வீட்டு நாய்களிடம் கார்டிசால் உயர்வு குறைவாக இருந்தது, சீக்கிரம் தணிந்தது. பல நாய்கள் உள்ள வீடு பயந்த நாய்க்குச் சுமை மட்டுமன்று, துணையும் ஆகும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் துணை என்பது அதுவாகத் தேர்ந்த நாயாக இருக்க வேண்டும். வெடிச்சத்தத்தில் எல்லா நாய்களையும் ஒரே அறையில் அடைத்தால், மிரண்ட பெரிய நாய் பக்கத்திலிருப்பதைக் கவ்விவிடும் ஆபத்து உண்டு.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. ஃப்ளூவாக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்றவற்றைக் கால்நடை மருத்துவர் தரலாம். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், பயிற்சியோடு சேர்ந்தால்தான் நிற்கும். பட்டாசு நாளுக்கென அசிப்ரோமசின் மட்டும் கொடுத்து மயக்கும் பழைய வழக்கத்தை நடத்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. உடல் அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். மனிதருக்கான மாத்திரையை வீட்டார் தாமாகக் கொடுப்பது ஆபத்து. அமைதிதரும் வாசனைக் கருவிகள், இறுக்கிக் கட்டும் சட்டைகள் ஆகியவற்றுக்கான சான்றுகள் கலவையானவை. கேடு இல்லை என்பதால் முயன்று பார்க்கலாம்.

முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. ஒரு விரட்டல், ஒரு கடி, மூன்று வாரச் சேமிப்பைக் கரைத்துவிடும். நாட்குறிப்பு உதவும், எழுத வேண்டியது பெரிய வெற்றிகளை அல்ல. பயந்த பிறகு இயல்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம், இன்று புதிதாக எந்த இடத்தில் படுத்தது, எந்த நாயைக் கடந்து தண்ணீர் குடித்தது என்பவற்றை. சில நாய்களுக்கு எல்லை உண்டு. மர்ஃப்ரீயின் பாயிண்டர்களைப் போலப் பிறவியிலேயே அஞ்சுபவை ஊர்வலத்தில் நடக்கப் போவதில்லை; வீட்டின் இரண்டு அறைகளில் நிம்மதியாக வாழ்ந்தால் அதுவே நிறைவு. இரத்தம் வரும் சண்டைகள் திரும்பத் திரும்ப நடந்தால், கதவு போட்டு முறைவைத்து விடுவதோ, வேறு நாய் இல்லாத நல்ல வீடு தேடுவதோ தோல்வி அல்ல. ஒரே வீட்டு நாய்களிடையே நடந்த 38 சண்டை வழக்குகளை ஆராய்ந்து 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில் பெரும்பாலானவை ஒரே பாலின நாய்களிடையே நிகழ்ந்தவை. தொடங்கியது பெரும்பாலும் இளையதும் புதிதாக வந்ததுமான நாய்.

இந்தத் தகவல் புதிய நாய் வாங்க நினைப்பவர்களுக்கு உடனே பயன்படும். பயந்த நாய்க்குத் துணை வேண்டும் என்று துள்ளும் குட்டி ஒன்றைக் கொண்டுவருவது அடிக்கடி நடக்கும் தவறு. வீட்டின் பெரிய நாய் இறந்துபோனால் சிறு நாய் இருவிதமாகவும் மாறக்கூடும். சில நாய்கள் உணவைத் தள்ளி, இறந்தது படுத்திருந்த இடத்தை முகர்ந்து கிடக்கும். சில, வந்து ஐந்தாண்டில் முதன்முறையாக, நடுக்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிப் படுக்கும். அடுத்த நாயைத் தேடுமுன் அது எந்த வகை என்று சில மாதங்கள் பார்த்திருப்பது நல்லது.